அந்தக் கட்டத்தில் பேனா நிற்க வேண்டாம்

ஓட்டல் வேலைக்குப் படிவம் நிரப்பும் பையனைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெயர், அப்பா பெயர், ஆதார் எண், ரத்த வகை வரை பேனா ஓடும். ‘உங்கள் மீது காவல் நிலையத்தில் வழக்கு ஏதேனும் இருந்ததுண்டா?’ என்ற வரிக்கு வந்ததும் நின்றுவிடும். இல்லை என்று எழுதினால் பொய்யாகுமோ, ஆம் என்று எழுதினால் வேலை போய்விடுமோ என்று இரண்டு பக்கமும் யோசிப்பான். “வீட்டுல கேட்டுட்டு வந்துடறேன் சார்” என்று படிவத்தோடு வெளியே போவான். அப்படிப் போகிறவன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

விருத்தாசலம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடையில் படிவமெல்லாம் கிடையாது. “காலையில அஞ்சு மணிக்கு வந்துடு” என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள். ஆனால் அங்கிருந்து புதுச்சேரி ரிசார்ட், சென்னை நட்சத்திர ஓட்டல், விமான நிலைய உணவகம், துபாய் என்று மேலே போகப் போக அந்த வரி கூடவே வரும்.

பதினாறு, பதினேழு வயதில் செல்போன் திருட்டிலோ, திருவிழா அடிதடியிலோ, யாரோ கொண்டுவந்த பைக்கிலோ சிக்கி, இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நின்ற பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. அது அவர்களுக்கும் தெரிவதில்லை, வேலை கொடுப்பவருக்கும் தெரிவதில்லை.

கம்மாபுரம் சொல்லும் பாடம்

சந்தேகம் ஒரு மனிதனை எந்த அளவுக்குக் கொண்டுபோகும் என்பதை, விருத்தாசலம் பக்கத்துக் கம்மாபுரம் அளவுக்கு அறிந்த ஊர் குறைவு. 1993-இல் முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு, ஒரு திருட்டுப் புகாரில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. “காவலில் இருந்து தப்பிவிட்டார்” என்றது காவல்துறை. அவர் மனைவி பார்வதி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கை நடத்தியவர் அப்போது வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு. பல ஆண்டுகள் கழித்துக் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 2021-இல் வந்த ‘ஜெய் பீம்’ திரைப்படம் இந்த வழக்கைத் தழுவியதுதான்.

அதே சந்துருவிடம் முப்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு பொறுப்பு வந்தது. 2022 டிசம்பர் இறுதியில் செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன், தாக்கப்பட்டு இறந்தான். இல்ல ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். இதையடுத்துத் தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதியான சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்து, மாநிலத்தின் சிறார் இல்லங்களை ஆராயச் சொன்னது. 2023-இல் அவர் அறிக்கை கொடுத்தார். அந்தச் சிறுவன் மீதும் இருந்தது திருட்டுப் புகார்தான்.

இரண்டு வழக்குகளிலும் ஒரே நோய். ஒருவனை ‘திருடன்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அவனை ஆளாகப் பார்ப்பதில்லை. வேலைப் படிவத்தில் அந்த வரியைப் பார்த்துவிட்டு ‘நாளைக்குச் சொல்லி அனுப்புறோம்’ என்று சொல்லும் மேலாளர் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் அவரும் எழுதியதை மட்டும் படித்துவிட்டு ஆளைப் பார்க்காமல் விடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. 18 வயது நிறைவதற்குள் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்துக்கு இந்தச் சட்டம்தான் பொருந்தும். வேலை தேடும் பையனுக்கு இதில் ஐந்து செய்திகள் முக்கியம்.

ஒன்று, புதிய தொடக்கம். சிறாரின் பழைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்பதைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. சிறப்புச் சூழல்கள் மட்டும் இதில் சேராது.

இரண்டு, தகுதி இழப்பு கிடையாது. 24-ஆம் பிரிவின்படி, இந்தச் சட்டத்தின் கீழ் நடத்தப்பட்ட சிறாருக்கு, தண்டனை பெற்றவருக்கு வரும் எந்தத் தகுதி இழப்பும் வராது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்த பிறகு பதிவுகளை அழிக்கும்படி குழுமம் காவல்துறைக்கு உத்தரவிட வேண்டும். அவற்றை ஏழு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள்.

மூன்று, நன்னடத்தைச் சான்றில் வரக் கூடாது. முடிந்துபோன வழக்கில் சிறாரின் பதிவை நன்னடத்தைச் சான்றுக்காகவோ வேறு எதற்காகவோ காவல்துறை வெளியிடக் கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது. பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் பத்திரிகையிலோ வேறு எந்தத் தகவல் வழியிலோ போடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊர் வாட்ஸ்அப் குழுவில் பையன் படத்தைப் போட்டு ‘இவன்தான் திருடியது’ என்று பரப்புகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான்கு, வயதை எப்போது வேண்டுமானாலும் எழுப்பலாம். சம்பவ நாளில் 18 நிறையாத பையனை, பெரியவன் என்று சொல்லி வழக்குப் பதிவு செய்வது உண்டு. வழக்கு முடிந்த பிறகும்கூட எந்த நீதிமன்றத்திலும் ‘அன்று நான் சிறார்’ என்று எழுப்பலாம் என்கிறது 9-ஆம் பிரிவு. அதற்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று. அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் மருத்துவச் சோதனை.

ஐந்து, 18 ஆனதும் கைவிடக் கூடாது. இல்லத்தை விட்டு வெளியே வருகிறவருக்குப் பிற்காப்பு உதவி உண்டு. தங்குமிடம், தொழிற்பயிற்சி, பண உதவி எல்லாம் அதில் அடங்கும். இது 21 வயது வரை கிடைக்கும். சிறப்புச் சூழலில் இன்னும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கலாம்.

ஒரு விதிவிலக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 16 வயது நிறைந்தவர் கொடுங்குற்ற வழக்கில் சிக்கி, குழந்தைகள் நீதிமன்றம் அவரைப் பெரியவராகவே விசாரித்துக் குற்றவாளி என்று முடிவு செய்தால், 24-ஆம் பிரிவின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2019-இல், மத்தியக் காவல் படை ஒன்றில் உதவி ஆய்வாளர் வேலைக்குத் தேர்வான இளைஞருக்குச் சிறுவயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தபோது, உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சிறுவயதில் நடந்தது வாழ்நாள் முழுவதும் துரத்தக் கூடாது என்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம் என்று அது சுட்டிக்காட்டியது. துப்பாக்கி ஏந்தும் வேலைக்கே அந்தப் பழைய வழக்கு தடையில்லை என்றால், தோசைக் கரண்டி பிடிக்கும் வேலைக்கு எப்படித் தடையாகும்?

18 தாண்டியவர்களுக்கு

பதினெட்டு முடிந்து பத்து நாளில் சிக்கியவனுக்கு மேலே சொன்ன சட்டம் உதவாது. அவனுக்குக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958 இருக்கிறது. 21 வயதுக்குக் குறைந்தவரை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் இல்லாத பட்சத்தில், தக்க காரணம் எழுதாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெற வேண்டும். எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதி இழப்பு கிடையாது என்பது 12-ஆம் பிரிவு. ‘குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடு’ என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு இந்தச் சட்டத்தைப் பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். அன்றைக்குக் கட்டிய ஆயிரம் ரூபாய் பத்து வருடம் கழித்து விசாவில் வந்து நிற்கும்.

படிவத்தில் என்ன எழுதுவது? சிறுவயது வழக்கு முடிந்துவிட்டிருந்தால், மேலே சொன்ன விதிவிலக்கைத் தவிர, அதை வைத்து யாரும் தகுதியைப் பறிக்க முடியாது. ஆனாலும் படிவத்தின் வாசகத்தைச் சட்டப் பணிகள் குழு வழக்கறிஞரிடம் காட்டி, எப்படிப் பதில் எழுதுவது என்று கேட்டுக்கொண்டு நிரப்புங்கள். வழக்கு நிலுவையில் இருந்தாலோ, 18-க்குப் பிறகு நடந்ததாக இருந்தாலோ, பொய் எழுத வேண்டாம். அரசுப் பணி தொடர்பான அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மறைத்தது தெரிந்தால், மறைத்ததே வேலையை விட்டு நீக்கக் காரணமாகலாம். இளவயதில் நடந்த சிறு வழக்கு என்றால், மன்னித்து வேலை தர அதிகாரிக்கு இடமும் உண்டு.

காவல் நிலையத்தின் ரவுடிப் பட்டியல் இன்னொரு தலைவலி. வரலாற்றுப் பதிவேட்டில் பின்தங்கிய சமூகத்து அப்பாவிகளின் பெயர்களை இயந்திரம் போல ஏற்றிவிடக் கூடாது, சிறார் விவரங்களைச் சேர்க்கக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. கம்மாபுரம் பக்கத்து மக்களுக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏன் ஓட்டல் தொழில்?

விருத்தாசலம் சுற்றுவட்டத்தில் பீங்கான் பேட்டை, நெய்வேலியின் ஒப்பந்த வேலை, முந்திரி, கரும்பு என்று பிழைப்பு ஓடுகிறது. இவற்றோடு ஓட்டல் வேலையையும் எண்ணிப் பார்க்க ஒரு காரணம் உண்டு. சமையலறையில் ஒருவனுடைய கை பேசும். கல்லில் தண்ணீர் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் ஓர் இழுப்பு இழுத்து, மாவை ஊற்றி வட்டமாகத் தேய்க்கிற கையைப் பத்து நிமிடம் பார்த்தால் போதும், பையன் தேறுவானா மாட்டானா என்று மாஸ்டர் சொல்லிவிடுவார். மேசை துடைப்பது, பார்சல் கட்டுவது, சப்ளை, டீ மாஸ்டர், தோசை மாஸ்டர், புரோட்டா மாஸ்டர், சரக்கு மாஸ்டர் என்று ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். ஒரு படி ஏறினால் கூலியும் ஏறும். உணவுப் பாதுகாப்பு விதிகள் சமையல்காரரிடம் ஆண்டுதோறும் கேட்பது மருத்துவத் தகுதிச் சான்றைத்தான்.

உலகமும் இதைச் செய்து பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் கஃபே மொமென்டம் என்ற உணவகம், சிறார் காவலில் இருந்து வரும் இளைஞர்களுக்குச் சம்பளத்துடன் ஓராண்டுப் பயிற்சி தருகிறது. இங்கிலாந்தில் 2009 முதல் ‘தி கிளிங்க்’ உணவகம் சிறைக்குள்ளேயே நடக்கிறது. டெல்லி திகார் சிறைக்கு வெளியே 2014-இல் கைதிகள் பரிமாறும் உணவகம் திறந்தது. சிம்லாவில் 2017-இல் கைதிகள் நடத்தும் புத்தகக் கஃபே திறந்தது. கேரளச் சிறைகளின் சப்பாத்திக்கு மலையாளிகள் வரிசையில் நிற்கிறார்கள். சென்னையிலும் ‘பறவை’ என்ற பெயரில், முதல்முறை வழக்கில் சிக்கிய இளைஞர்களுக்கு ஆலோசனையும் வேலை உதவியும் தரும் முயற்சி நடந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்திலும் அப்படி ஒன்று தேவை. பிச்சாவரத்துப் படகுத்துறை, சிதம்பரம், கடலூர் வெள்ளிக் கடற்கரை என்று சுற்றுலா இடங்கள் இருக்கின்றன, பக்கத்திலேயே புதுச்சேரியும் இருக்கிறது.

எங்கே கற்கலாம்?

திருச்சி துவாக்குடியில் மாநில ஓட்டல் மேலாண்மைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. விருத்தாசலம் சந்திப்பிலிருந்து திருச்சிக்கு நேர் ரயில் உண்டு. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம். மத்தியச் சுற்றுலா அமைச்சகம் 2009-10-இல் தொடங்கிய ‘ஹுனர் சே ரோஸ்கார் தக்’ திட்டத்தில் சமையல், பரிமாறுதல் போன்றவற்றில் குறுகியகாலப் பயிற்சி தரப்படுகிறது. அதிகம் படிக்காத இளைஞர்களுக்காகவே அது தொடங்கப்பட்டது. அடுத்த வகுப்பு எப்போது என்று இந்த நிறுவனங்களில் விசாரிக்கலாம். நான் முதல்வன், கிராமப்புற இளைஞர்களுக்கான தீன் தயாள் உபாத்யாயா பயிற்சித் திட்டம், தொழிற்பழகுநர் பயிற்சி ஆகிய வழிகளும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் முன்னால் பத்தாம் வகுப்பை முடிக்கச் சொல்லுங்கள். பள்ளியை விட்டவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதலாம். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்று வரும். சவூதி, கத்தார், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அது கூடுதல் சுற்று.

எங்கெங்கே ஏமாறுவார்கள்?

வழக்கைக் காட்டி மிரட்டுவது. ‘நீ உள்ளே இருந்தவன்னு எல்லாருக்கும் சொல்லிடுவேன்’ என்று சம்பளத்தைப் பிடித்து வைக்கும் முதலாளிகள் உண்டு. 18 வயதுக்குட்பட்டவரைக் கொத்தடிமையாக வைப்பதும் சம்பளத்தைத் தராமல் நிறுத்துவதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 79-ஆம் பிரிவில் குற்றம். ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

முன்பணம். அப்பாவிடம் இருபதாயிரம் கொடுத்துவிட்டு ‘கழியிற வரைக்கும் பையன் எங்களோட இருக்கட்டும்’ என்று கூட்டிப்போகும் ஆள் வந்தால் வாங்காதீர்கள். கொத்தடிமை முறை 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்படிக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க முடியாது.

வயது, நேரம். 14 நிறையாதவரை ஓட்டலில் வைக்கவே கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவரை இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. ஓய்வையும் சேர்த்து ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லும் அந்தப் பேருந்து நிலையத்துக் கடை, 17 வயதுப் பையன் விஷயத்தில் சட்டத்தை மீறுகிறது.

வெளிநாட்டு ஏஜென்ட். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் உரிமம் உள்ளவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால், 1993-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நீதிமன்ற அனுமதி பெற்றுப் பாஸ்போர்ட் எடுக்க வழி உண்டு. ‘கேஸை நான் மறைச்சு எடுத்துத் தர்றேன்’ என்கிற ஏஜென்ட் இரண்டாவது வழக்குக்கு வழி செய்கிறார்.

யாரிடம் போவது?

பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதற்கும் 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவையும், கடலூரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம். குழந்தைகள், பெண்கள், காவலில் இருப்போர், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் வழக்கறிஞர் தர 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்கிறது. பிற்காப்புக்கும் பயிற்சிக்கும் கடலூர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையும் நன்னடத்தை அலுவலரையும் கேட்கலாம்.

எங்கே போனாலும் மூன்று காகிதங்களைப் பத்திரமாக வையுங்கள்: பள்ளி மாற்றுச் சான்று, குழுமத்தின் இறுதி உத்தரவு, வயதுச் சான்று. இறுதி உத்தரவின் நகல் கையில் இல்லாமல்தான் பலர் பத்து வருடம் கழித்து அலைகிறார்கள்.

ஓட்டல் நடத்துகிறவர்களுக்கு

அந்த வரியை உங்கள் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால், ‘18 வயதுக்கு முன் நடந்து முடிந்த வழக்குகளைக் குறிப்பிட வேண்டாம்’ என்று கீழே ஒரு வாக்கியம் சேருங்கள். அதற்கு ஒரு பைசா செலவில்லை. சேர்ந்த பையனுக்கு முதல் மூன்று மாதம் ஒரு மூத்த மாஸ்டரைப் பொறுப்பாகக் கொடுங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். கல்லாவில் காசு குறைந்தால் முதலில் அவன் முகத்தைப் பார்க்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

பக்கத்து வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. அங்கே இலை போடும்போது எந்த ஊர், என்ன சாதி, என்ன வழக்கு என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிட வருகிறவரிடம் கேட்காத கேள்வியை, சமைக்க வருகிறவரிடமும் கேட்க வேண்டாம்.

பெற்றவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் பையனின் வழக்கு முடிந்து எத்தனை வருடம் ஆகிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். காலம் கடந்திருந்தால், பதிவுகள் அழிக்கப்பட்டனவா என்று கேட்டு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. பதிவை அழிக்கச் சொன்னது சட்டம். அழித்தார்களா என்று கேட்க வேண்டியது நீங்கள்.